முயலுக்கு மூன்று கால், ஆகாஷுக்கு எத்தனை கண்?

கேள்வி: “அந்தகன் பார்த்துவிட்டு வந்த கையோடு, அதற்கு மூலமான அந்தாதுன் இந்திப் படத்தையும் பார்த்தேன். கடைசியில் பியானோக் கலைஞன் ஆகாஷுக்குக் கண் தெரிகிறதா, இல்லையா? தெரிகிறது என்றால், அவன் பார்வையைப் பறித்த சிமியின் கண்ணை எடுத்துத்தான் வைத்தார்களா? எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. யாராவது ஒரு முடிவு சொல்லுங்கள்.”

2024 ஆகஸ்ட் 11

தெரிகிறது. கடைசி ஷாட்டில் நடைபாதையில் கிடக்கும் தகர டப்பாவைக் கைத்தடியால் ஒரே வீச்சில் அடிக்கிறான். கிட்டிப்புள் ஆடுகிறவன் புள்ளை அடிக்கிற மாதிரி. தடவிப் பார்த்து, தட்டுத் தடுமாறி அடித்த அடி இல்லை. அப்படியென்றால் சிமி விபத்தில் செத்தாள் என்று காபிக் கடையில் பழைய காதலி சோபியிடம் சொன்ன கதை பொய். கதை பொய் என்றால் சிமியை, உறுப்பு வியாபாரம் செய்கிற டாக்டர் சுவாமியின் திட்டப்படியே முடித்துவிட்டார்கள். ஈரல் துபாய்க்காரரின் மகளுக்கு, விழிப்படலம் ஆகாஷுக்கு. கணக்கு நேராகிவிட்டது. இதில் பேச ஒன்றுமில்லை.

படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லாமே போட்டு உடைக்கப்படும்.

ஆகஸ்ட் 12

பேச ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் இத்தனை பேர் சண்டைக்கு நிற்கிறீர்கள். நல்லது.

முதலில் தலைப்பு. இந்தியில் “அந்தாதுந்த்” என்று ஒரு சொல் உண்டு. நம்முடைய “கண்மண் தெரியாமல்” என்பதற்குச் சரியான ஜோடி அது. அதன் வாலை நறுக்கி “துன்” ஆக்கியதும் அந்தா என்கிற குருடும் துன் என்கிற மெட்டும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தமிழில் இதை எப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று கவலைப்பட்டேன். அந்தகன் என்று வைத்தார்கள். அந்தகன் என்றால் கண் தெரியாதவன், எமனுக்கும் அதுவே பெயர். இந்தத் தலைப்பை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. கதாநாயகனுக்கு ஒரு பொருள் பொருந்துகிறது. இன்னொரு பொருள் யாருக்குப் பொருந்துகிறது என்பதுதானே உங்கள் வீட்டுச் சண்டையே?

ஆகஸ்ட் 14

ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: “கடைசிக் கதையை மட்டும் பொய் என்கிறீர்கள், முழுப் படமுமே ஆகாஷ் சோபிக்குச் சொன்ன கதைதானே? அப்படியானால் எதை நம்புவது?”

இதை யோசிக்காமல் 11ஆம் தேதி எழுதிவிட்டேன். நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். ஆகாஷ் இல்லாத இடத்தில் நடக்கிற காட்சிகள் படத்தில் நிறைய இருக்கின்றன. சிமியும் அவளுடைய கள்ளக்காதலன் இன்ஸ்பெக்டர் மனோகரும் தனியாகப் பேசுவது, மனோகர் வீட்டில் அவன் மனைவியோடு நடக்கும் கூத்து. இதெல்லாம் ஆகாஷுக்கு எப்படித் தெரியும்? ஆக முழுப் படமும் அவன் வாய்மொழி இல்லை. இரண்டு வருடம் கழித்து போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் அவன் வாயால் வருகிற பகுதி மட்டுமே சாட்சி இல்லாதது. வண்டியில் சிமி கட்டை அவிழ்த்தது, டாக்டரைக் கொன்றது, தானே ஸ்டியரிங்கைப் பிடித்து ஆகாஷை இறக்கிவிட்டது, பிறகு மனம் மாறி அவன்மேல் ஏற்ற வந்தது, வேட்டைக்காரன் சுட, ஒற்றைக்கண் முயல் துள்ளிக் கண்ணாடியில் விழ, வண்டி புரண்டது. அந்த வண்டியில் போனவர்களில் உயிரோடு மிஞ்சியவன் ஆகாஷ் ஒருவன்தான்.

அந்த முயலை அவன் எப்படிப் பார்த்தான்? அப்போது அவனுக்குக் கண் தெரியாது. வேட்டைக்காரனைப் பற்றி பிறகு யாராவது சொல்லியிருக்கலாம், சரி. டாக்டர் எப்படிச் செத்தார், வண்டிக்குள் என்ன நடந்தது என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 14, கொஞ்சம் கழித்து

ஆனால் படம் ஆரம்பிப்பதே அந்த முயலோடுதான். முட்டைக்கோஸ் தோட்டம், துப்பாக்கி, ஓடுகிற முயல். அதை ஆகாஷ் சொல்லவில்லை, படம் காட்டுகிறது. இது என் கட்சியை ஆட்டுகிறது. கிராக்கோவில் ஆகாஷின் கைத்தடியில் முயல் தலைப் பிடி இருப்பதைக் கவனித்தீர்களா? தடியைப் பார்த்து முயலைக் கதையில் சேர்த்தானா, முயல் காப்பாற்றியதால் அந்தத் தடியை வாங்கினானா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களுக்கென்றே ஒரு முயலை அவிழ்த்து விட்டிருக்கிறார் இயக்குநர் ஸ்ரீராம் ராகவன்.

ஆகஸ்ட் 18

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. பியானோ காட்சி பற்றி எழுதாமல் முடிவைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

2018 அக்டோபரில், படம் வந்த முதல் வாரமே, இங்கே புனேயில் பார்த்தேன். கதை நடப்பதும் புனேதான், இயக்குநர் படித்ததும் இந்த ஊர்த் திரைப்படக் கல்லூரியில்தான். அதனால் அரங்கில் ஆட்களுக்கு ஒரு சொந்தம். தெரு தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரை இடிக்கிறார்கள். என்னோடு வந்த மராத்தி நண்பர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடித்தார்.

அந்தக் காட்சி வந்தது. சிமி கதவைத் திறக்கிறாள். எதிர் வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருப்பதால் திருப்பி அனுப்ப முடியாமல் ஆகாஷை உள்ளே விடுகிறாள். அவன் பியானோவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்குக் காட்டுகிறார்கள், தரையில் சிமியின் கணவர் பிரமோத் சின்ஹா செத்துக் கிடக்கிறார். ஆகாஷுக்குக் கண் தெரியும் என்று நமக்குத் தெரியும், சிமிக்குத் தெரியாது. அவன் பாத்ரூமுக்குப் போகிறான், அங்கே துப்பாக்கியோடு ஒருத்தன். ஒன்றுக்கு இருந்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவன்போலத் திரும்பி வந்து மறுபடி வாசிக்கிறான். பிணத்தை மடித்துப் பெட்டியில் அடைக்கிறார்கள், ரத்தத்தைத் துடைக்கிறார்கள். சிமியும் மனோகரும் கை ஜாடையில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். விரல் நின்றால் உயிர் போய்விடும் என்பதுபோல அவன் வாசித்துக்கொண்டே இருக்கிறான்.

அரங்கில் முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். நானும் சிரித்தேன். பெட்டிக்குள் கால் அடங்கவில்லை என்பதற்காகச் சிரித்துவிட்டு, சிரிப்பு முடியும்போது ஒரு மனிதன் செத்துக் கிடப்பது உறைத்தது. “இதுக்கா சிரிச்சோம்?” என்று நண்பர் மெதுவாகக் கேட்டார். கறுப்பு நகைச்சுவை என்று எல்லோரும் எழுதுகிறோமே, எனக்கு அதன் பொருள் அந்த இருட்டில் விளங்கியதுதான்.

ஆகாஷாக நடித்த ஆயுஷ்மான் குரானா பியானோ கற்றுக்கொண்டு தானே வாசித்தது அந்தக் காட்சியில்தான் உதவுகிறது. கை ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்று வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பதற்றம் வந்தே இருக்காது. கே. யு. மோகனனின் கேமராவும் அவசரப்படவில்லை.

ஆகஸ்ட் 19

இறந்தவராக நடித்த அனில் தவன் நிஜத்திலும் எழுபதுகளின் கதாநாயகன். தன்னுடைய பழைய பாட்டுகளைத் தானே டிவியில் போட்டு ரசிக்கிறாரே, அவை உண்மையிலேயே அவர் நடித்த பாட்டுகள். நேற்று எழுத விட்டுப்போனது.

ஆகஸ்ட் 25

“ஆகாஷுக்குக் கண் வந்தது என்றால் சிமியின் கண்தான், வேறு வழியே இல்லை” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் 11ஆம் தேதி அதையேதான் சொன்னேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

விழிப்படலம் என்கிற கார்னியாவில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் அதை மாற்றும்போது பொதுவாக ரத்த வகை பார்ப்பதில்லை. ஒருவர் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்று கண் தான விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அப்படி எடுத்த படலம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தலாம். ஈரல் அப்படி இல்லை, ரத்த வகை ஒத்துப்போக வேண்டும். சுவாமிக்குச் சிமி தேவைப்பட்டதற்கு அவளுடைய அரிய ரத்த வகையும் அந்தத் துபாய்ப் பெண்ணுமே காரணம். ஆகாஷுக்கு அவள் கண்ணைத் தருவதாகச் சொன்னது, அவனைக் கூட்டுச் சேர்க்கப் போட்ட தூண்டில். அவன் பார்வைக்கு அவள் சாக வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஆகாஷ் சொன்ன கதை உண்மை. முயல் உண்மை, சிமி விபத்தில் இறந்ததும் உண்மை. பிறகு அவன் ஏதோ ஒரு கண் வங்கியில் பதிந்து, முறையாக அறுவை செய்துகொண்டு பார்வை பெற்றான். ஆனாலும் கண் தெரியாத பியானோக் கலைஞன் என்ற பெயரை விட மனசு வரவில்லை. படத்தின் தொடக்கத்திலிருந்தே அவன் அப்படித்தானே? இசையில் மனம் குவிய வேண்டும் என்று லென்ஸ் போட்டுக்கொண்டு கண் தெரியாதவனாக ஊரை ஏமாற்றியவன். பழைய வேலைக்கே திரும்பிவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஈரல் உயிரோடு இருப்பவரிடம் ஒரு பகுதி எடுத்தாலே போதும், மிச்சம் வளர்ந்துவிடும். சுவாமி அதற்குக்கூட அவளை உயிரோடு விட நினைக்கவில்லை. அவர் டாக்டர் இல்லை, கசாப்புக் கடைக்காரர். 1994ஆம் வருடச் சட்டம் உறுப்பு வியாபாரத்தைக் குற்றம் என்று எழுதி வைத்தும் இப்படி ஒரு பாத்திரத்தைப் பார்த்து நாம் யாரும் “இது நடக்காது” என்று சொல்லவில்லை பாருங்கள். அது என்னை உலுக்குகிறது.

ஆகஸ்ட் 25, இரவு

முதல் அட்டையில் வருகிற ஆங்கில வரி: வாழ்க்கை என்றால் என்ன? அது லிவரைப் பொறுத்தது. வாழ்கிறவன் என்றும் ஈரல் என்றும் அங்கே ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். தமிழில் இந்தச் சிலேடை வராது என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். வராதுதான். ஆனால் நம்மிடம் ஈரக்குலை இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது, இரக்கம் இல்லாதவனை நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்கிறோம். சிமியை விட்டுவிடலாம் என்று வண்டியில் ஆகாஷ் கெஞ்சினானா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், அது ஈரத்தைப் பற்றிய கேள்விதானே.

செப்டம்பர் 8

பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார். தெருவில் டோல் தாஷா அடிக்கிற அடியில் இங்கே பத்து நாளைக்குப் பியானோவும் கேட்காது, வசனமும் கேட்காது. அதனால் சுருக்கமாக.

“இரண்டாம் பாதி தொய்வு, தற்செயல்கள் அதிகம்” என்பவர்களுக்கு: தற்செயல் அதிகம்தான். போலீசிடம் புகார் கொடுக்கப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவனே கொலைகாரன். லிப்டில் மாட்டிக்கொண்ட மனோகர் தன் குண்டாலேயே சாகிறான். இதெல்லாம் எனக்குக் குறையாகவே படவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கிற சக்குவைக் கதைக்குள் கொண்டுவந்ததைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரியை ஒழித்துவிட்டதால் நம் இளைய பிள்ளைகளுக்கு அந்தப் பாத்திரம் பிடிபடவில்லை. இங்கே மகாராஷ்டிரத்தில் இன்றும் சீட்டு விற்கிறார்கள். இந்தப் படத்தில் எல்லோருமே சீட்டு வாங்கியவர்கள். ஒருத்தருக்கும் பரிசு விழவில்லை.

இரண்டாம் பாதியில் எனக்குக் குறையாகத் தெரிவது சோபிதான். ராதிகா ஆப்தே போன்ற ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போக வைத்து, கடைசியில் கதை கேட்க மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22

மறு ஆக்கங்கள் பற்றிக் கேட்டீர்கள். தெலுங்கில் மேஸ்ட்ரோ, மலையாளத்தில் பிரமம், இரண்டும் 2021. தமிழ் அந்தகன் தாமதமாகி இந்த ஆகஸ்ட் 9 வந்தது. மூலத்துக்கும் ஒரு மூலம் உண்டு, 2010இல் வந்த பிரெஞ்சுக் குறும்படம். போட்டியில் தோற்ற ஒரு பியானோக்காரன் கண் தெரியாதவனாக நடித்து, வீடு வீடாகப் போய்ப் பியானோ சுருதி சேர்க்கிறான், ஒரு வீட்டில் பிணம். அதுவும் முடிவைச் சொல்லாமல்தான் நிற்கிறது. அந்த விதையை வாங்கி, கன்னட இயக்குநர் ஹேமந்த் ராவ் உட்பட ஐந்து பேர் சேர்ந்து எழுதியது அந்தாதுன். சிறந்த இந்திப் படம், சிறந்த திரைக்கதை, சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகளும் வாங்கியது. சீனாவில் 2019 ஏப்ரலில் வெளியாகி 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். மொழி தெரியாத ஊரில் அது எப்படி ஓடியது என்று கேட்டால், பியானோ காட்சியைத்தான் பதிலாகச் சொல்வேன். அதற்கு மொழி வேண்டாம்.

அந்தகனில் எனக்குப் பிடித்தது ஆள் தேர்வு. தபு செய்த வேடத்துக்குச் சிம்ரன். பிரசாந்தும் சிம்ரனும் ஜோடியாகப் பாடிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். 2000இல் பார்த்தேன் ரசித்தேன் படத்தில் அதே சிம்ரன் அதே பிரசாந்தை ஆட்டிப்படைத்த வில்லி. 24 வருடம் கழித்து மறுபடி அவர் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது தமிழ்ப் பார்வையாளருக்கு வருகிற நடுக்கம் இந்திப் பார்வையாளருக்குக் கிடைக்காது. முன்னாள் கதாநாயகனாகக் கார்த்திக் வந்ததும் அப்படியே. ஆனால் தபுவின் சிமியிடம் ஒன்று இருக்கிறது. அவள் திட்டம் போட்டுக் கொல்கிறவள் இல்லை. ஒரு தப்பை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க இன்னொன்று. எதிர் வீட்டு அம்மாவை மாடியிலிருந்து தள்ளும்போது அவள் முகத்தில் வெறுப்பே இல்லை, வீட்டு வேலை ஒன்றை முடிக்கிற அவசரம்தான் இருக்கிறது.

நவம்பர் 2

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், பாளையங்கோட்டை. இது நீளும்.

மாமா தையல்காரராக இருந்தவர். கண் அழுத்த நோயில் பார்வை போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அது நரம்பைத் தின்கிற நோய், படலத்தை மாற்றினால் சரியாகிற காரியம் இல்லை. இப்போதும் வேட்டியின் கரையை விரலில் உருட்டி எத்தனை நம்பர் நூல் என்று சொல்வார். அவரிடம் இந்தப் படக் கதையைச் சொன்னேன். “போடு, கேப்போம்” என்றார். அவருக்கு இந்தி தெரியாது. அதனால் நான் அவர் காதோரம் உட்கார்ந்து வசனத்தை உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை முறுக்குச் சம்படத்தோடு இந்தப் பக்கம்.

பியானோ காட்சி வந்தது. மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. நான் சும்மா இருந்தேன். அத்தை முறுக்கு கடிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் போனதும் மாமா கேட்டார்:

“ஏன் மருமவனே, எல்லாரும் மூச்சப் புடிச்சிட்டு இருக்கியளே, என்ன நடக்கு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிணத்தைப் பெட்டியில் அடைக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “பாட்டு நல்லாத்தான போகுது” என்றார்.

ஆறு வருடமாக அந்தக் காட்சியை ஆகாஷின் பக்கம் நின்றே பார்த்திருக்கிறேன். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், சிமிக்குத் தெரியாது என்ற குஷியில் இருந்தேன். நிஜமாகவே கண் தெரியாத ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அந்த அறையில் நல்ல பாட்டு மட்டும்தான் இருந்திருக்கும். அது எனக்குத் தோன்றியதே இல்லை.

நவம்பர் 3

நேற்று பாதியில் நிறுத்தினேன். டப்பாவுக்கு வருகிறேன்.

கடைசி ஷாட்டை மாமாவுக்கு விவரித்தேன். தடியால் டப்பாவை அடித்தான், அதனால் கண் தெரியும் என்கிறோம் என்றேன். அவர் தன் வெள்ளைக் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். திண்ணையிலிருந்து வாசல் வரை நடந்து காட்டினார். வலது கால் முன்னே போகும்போது குச்சி இடப்பக்கம் தொடுகிறது, இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த காலடி விழப்போகிற இடத்தைக் குச்சி முன்கூட்டியே பார்த்து வைக்கிறது. பதினான்கு வருடமாக அவர் நடப்பதைப் பார்க்கிறேன், இந்த ஒழுங்கை நேற்றுத்தான் கவனித்தேன்.

பிறகு கேட்டார்: “அவன் குச்சி மொதல்ல டப்பாவத் தொட்டுட்டு அப்புறம் தள்ளுச்சா, இல்ல தொடாமலே போயி அடிச்சிச்சா?”

தொட்டுப் பார்த்த பிறகு தள்ளினான் என்றால் அது எல்லோரும் செய்வது, வழியில் கிடப்பதை ஓரம் கட்டுவது. தொடாமல் ஓங்கி அடித்தால் அது வேறு. ஆறு வருடச் சண்டைக்கு இதைவிடக் கறாரான கேள்வி ஒன்றை நான் கேட்டதில்லை. போனில் அந்த இடத்தை ஏழெட்டு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். வீச்சுதான் என்றே இன்னமும் படுகிறது. அவரிடம் சொன்னேன். “அப்ப கள்ளன்தான்” என்றார், கொஞ்சம் வருத்தமாக.

நவம்பர் 3, மாலை

அந்த வருத்தத்துக்குக் காரணம் கேட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பார்வை போன புதிதில் தெருவில் ஒரு ஆள் விடாமல் அவரைச் சோதித்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்று கேட்பது, சத்தம் போடாமல் வந்து எதிரே நிற்பது, கடையில் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு நூறு என்று சொல்லிப் பார்ப்பது. ஒரு அலுவலகத்தில் சான்றிதழுக்குப் போனபோது அங்கிருந்தவர் கண்ணுக்கு முன்னால் பேனாவை வேகமாக ஆட்டி, “நிஜமாவே தெரியலையா?” என்று கேட்டாராம். “நான் ஒரு தடவ தடுக்கி விழுந்தாத்தான் நம்புவாங்க போல” என்று மாமா சொன்னார்.

படத்தில் ஆகாஷைச் சந்தேகப்பட்டு அந்தச் சின்னப் பையன் ஒளிந்து வீடியோ எடுக்கிறானே, அதைப் பார்த்துச் சிரித்தவன் நான். அந்தப் பையன் கண்டுபிடித்தது சரி என்பதால் சிரிக்க முடிந்தது. அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த மாதிரி ஒருத்தன் நடிச்சா, நெசமா இருக்கவன ஊரே சோதிக்கும்” என்றார்.

இந்தப் படம் பார்வையற்றவர்களைக் கேலி செய்கிறது என்று ஆகஸ்டில் ஒருவர் எழுதியபோது நான் வேகமாக மறுத்திருந்தேன், அந்த மறுப்பு மேலே இல்லை, எழுதிவிட்டு நீக்கிவிட்டேன். கேலி செய்யவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆகாஷின் பொய்க்குப் படம் கொடுக்கிற தண்டனை லேசானதில்லை. பிரசாதம் என்று கொடுத்து அவன் நடித்த குருட்டை நிஜமாக்குகிறாள் சிமி. ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது இப்போது புரிகிறது. அவரிடம் சரியாகப் பேசவில்லை நான்.

நவம்பர் 10

புனே திரும்பியாயிற்று. முதல் கேள்வி கேட்டவருக்கு என் இன்றைய நிலை:

கண் தெரிகிறது, அதில் மாற்றமில்லை. சிமியின் கண் என்பதற்குச் சாட்சி இல்லை. முயல் உண்டா என்பதில் எனக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. என்னை உறுத்துவது சோபிதான். அவன் முதலில் ஏமாற்றியதும் அவளைத்தான். அவளுடைய ஸ்கூட்டர் இடித்து விழுந்த நாளிலிருந்து அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தவன். உண்மை தெரிந்து அவள் உடைந்து போனாள். இரண்டு வருடம் கழித்து ஒரு அந்நிய ஊரில் அவளே வந்து எதிரே உட்கார்கிறாள், “சுவாமி சொன்னதைக் கேட்டிருக்கலாம்” என்று அவன்மேல் பரிதாபப்படுகிறாள். அப்போதும் அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சிமியைக் கொன்றானோ இல்லையோ, இதைச் செய்தான். இதற்குத் தகர டப்பா சாட்சி இருக்கிறது.

முதல் பாதியில் அவன் பொய்யை நாம் எல்லோரும் மன்னித்தோம். ஒரு கலைஞனின் பரிசோதனை என்று ரசித்தோம். மன்னித்த பழக்கத்தில் கடைசிப் பொய்யையும் “கொலை செய்தானா” என்ற கேள்வியாக மட்டும் பார்க்கிறோம்.

நவம்பர் 11

“அப்படியானால் படம் உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டதா?” என்று கேட்டவருக்கு: இல்லை ஐயா. முன்பைவிட அதிகமாகப் பிடிக்கிறது. இந்த ஜனவரியில் அதே இயக்குநர் விஜய் சேதுபதியை வைத்து எடுத்த மேரி கிறிஸ்துமஸையும் பார்த்தேன். அதிலும் வசனம் நின்றுபோகிற இடங்களில்தான் அவர் கை தெரிகிறது.

நவம்பர் 17

மாமா போன் செய்தார். இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறார் போல.

“மருமவனே, அந்தக் காபிக் கடையில அவனும் அவளும் உக்காந்து பேசுனாங்கன்னு சொன்னியே. காபி குடிச்சானா? குடிச்சான்னா டம்ளர எப்படி எடுத்தான்? மேசையத் தடவிக்கிட்டே போயி எடுத்தானா, நேராக் கை போச்சா?”

அதை நான் பார்க்கவே இல்லை. அத்தனை முறை ஓட்டியும் டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன். இன்று ராத்திரி பார்த்துவிட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். இங்கேயும் எழுதுகிறேன்.